இன்சூரன்ஸ் பொண்ணு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிகளே, தம்பிகளே, ஓய்வு பெற்றுவிட்டேன் என்றாலும் எனக்கு வாய் ஓயவில்லை. அது தெரிந்துதான் உங்கள் டாக்டர் என்னை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் அவரே உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்கிறேன். ஜார்ஜ்டவுனில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் வந்துபோகும் நம் கிளினிக்கில், நர்ஸ் என்பதால் எனக்கு மிஸ்ஸி என்று பெயர். தொலைபேசியில் நான் மிஸ்ஸியாக இருந்ததே கிடையாது!

தையல்கடை அக்காவாக இருந்திருக்கிறேன். கோயில் அன்னதானத்துக்கு ஆள் சேர்க்கிற அம்மாவாக இருந்திருக்கிறேன். ஜன்னலுக்குக் கம்பி அடித்துக் கொடுக்கும் பட்டறையில் கிளார்க்காக இருந்திருக்கிறேன். ஒருவருக்கு நான் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரி. ஒருநாள் அவருடைய மனைவி போனை எடுத்துவிட்டு, "போன வாரம் குடுத்த மீனு வயித்த மேல காட்டி மெதக்குது, என்ன மீனு விக்கிற நீ?" என்று என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் பாட்டுக்கு மன்னிப்புக் கேட்டு, தண்ணீரை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். வேறென்ன செய்வது?

எதற்கு இந்த வேஷமெல்லாம் என்று கேட்பீர்கள். வரவேண்டிய நாளை நினைவுபடுத்த மாதாமாதம் நாம் கூப்பிடுவோம், வரவில்லை என்றாலும் கூப்பிட வேண்டும். விட்டுவிட்டால் மருந்து தீர்ந்துபோகும், அடங்கிக் கிடக்கிற கிருமி மறுபடி தலை தூக்கும். ஆனால் போனை யார் எடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. நம்மவர் வீடுகளில் ஒருவருடைய போன் அடித்தால் பக்கத்தில் இருக்கிறவர் எடுப்பதுதான் வழக்கம். வாட்சாப் அனுப்பினால் அதைப் படிக்கிறதுக்கும் ஒரு கூட்டம் இருக்கும். அதனால் முதல்நாளே கேட்டுவிடுவோம்: "நாங்க கூப்பிட்டா யாருன்னு சொல்லணும்?" அதை அவரவர்தான் முடிவு செய்வார்கள், நாம் செய்வதில்லை. சிலர் அந்தக் கேள்வியிலேயே சிரித்துவிடுவார்கள். எங்கள் கிளினிக்குக்குள் வந்து அவர்கள் சிரிக்கிற முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். எனக்கு அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும்.

இப்போது கண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். உண்மையான பெயர் வேறு. கடலுக்கு அந்தக் கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கிற வேலை. அதே கரையில் மாக் மண்டினில் வீடு. அப்பா இல்லை, அம்மாவும் மகனும் மட்டும். முதல்முறை வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். சட்டை உடம்பில் நிற்கவில்லை. இந்த நோய் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள், அதைத் தெரிந்துகொண்டு நமக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அம்மாவிடம் நெஞ்சில் சளி என்று சொல்லி வைத்திருந்தார். தெரிந்தால் அம்மா அன்றைக்கே செத்துவிடும் என்பது அவருடைய எண்ணம். அவர் எங்களுக்குக் கொடுத்த வேஷம் மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸ்.

மருந்து ஆரம்பித்த பிறகு ஆள் மளமளவென்று தேறினார். கன்னத்தில் சதை பிடித்தது. கிளினிக்குக்கு வருகிற நாளில் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வருவார். போகும்போது அம்மாவுக்குச் சோறும் குழம்புமாக நாசி கண்டார் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார். ரத்தத்தில் கிருமி பரிசோதனையிலேயே தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்து மேசையில் வைத்தார். குழம்பு தூக்கலாக இருந்தது. நான் விரலைக்கூட விடாமல் நக்கினேன்.

அப்படிப்பட்டவர் திடீரென்று வரவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வராமல் போனவரைப் பற்றி உங்கள் வாயில் முதலில் என்ன வார்த்தை வருகிறது? சோம்பேறி? பொறுப்பில்லாதவன்? அதை அப்படியே விழுங்கிவிடுங்கள். நன்றாக வந்துகொண்டிருந்தவர் நின்றுபோனால், அவருக்கும் நமக்கும் நடுவில் புதிதாக ஏதோ வந்து விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. கண்ணன் விஷயத்தில் நாங்கள் என்னென்னவோ நினைத்தோம். வேலை மாறிவிட்டாரோ, குடியோ, வேறு ஊரோ என்று. எதுவுமே பொருந்தவில்லை.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. கையில் இருக்கிற மருந்து இந்நேரம் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சுவரைப் பிடித்து நடந்த அந்தக் கண்ணன் என் கண்ணுக்குள் வந்து நின்றார். மூன்றாவது முறை, காலை நேரத்தில், மணி அடித்த உடனேயே எடுக்கப்பட்டது. எடுத்தது ஒரு பெண் குரல்.

"இன்சூரன்ஸா?"

"ஆமாங்க, மோட்டார் இன்சூரன்ஸ்லேருந்து…"

"கட் பண்ணிராதம்மா! கட் பண்ணிராத! நான் கண்ணனோட அம்மா. அவன் வேலைக்குப் போயிட்டான், போன சார்ஜ்ல போட்டுட்டு மறந்துட்டான். நான் ஒன்னும் ஏச மாட்டேன் தாயி, பேசு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோட்டார் இன்சூரன்ஸ்காரியிடம் எந்த அம்மா இப்படிப் பேசும்?

"இன்சூரன்சு வருசத்துக்கு ஒருவாட்டிதான் எடுப்பாங்க, எனக்குத் தெரியாதா? இந்த இன்சூரன்சு மாசா மாசம் கூப்புடுது. இவன் போன எடுத்துட்டு வெளிய ஓடுறான். அப்புறம் பாத்தா முகத்த மழிக்கிறான், நல்ல சட்டையா தேடிப் போடுறான், லீவு போட்டுட்டு தீவுக்குப் போறான். எங்கடா போறன்னா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். சாயங்காலம் வரும்போது மொகத்துல ஒரு சிரிப்பு. நானும் ஒரு காலத்துல கட்டிக்கிட்டவதான் லா, எனக்குத் தெரியாதா?"

தங்கச்சிகளே, அப்போது எனக்கு வயது ஐம்பத்தெட்டு. பேரன் எடுத்தவள். மூட்டுவலிக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா என்னைத் தன் மருமகளாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்!

எங்கே தப்பு நடந்தது என்று அந்த நொடியில் பளிச்சென்று புரிந்தது. மாதாமாதம் கூப்பிடுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற தொழிலை வேஷமாகக் கொடுத்தால் எந்த அம்மா நம்புவார்? கண்ணனும் யோசிக்கவில்லை, கிளினிக்கில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்த அம்மா ஒருவர்தான் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார், விடை மட்டும்தான் தப்பு.

அவர் நிறுத்தவில்லை. "தீவாளிக்குள்ள பொண்ண வீட்டுக்குக் கூட்டிட்டு வா, இல்லாட்டி நானே ஒம் பின்னாலயே மோட்டார்ல ஏறி வந்து பாப்பேன்னு சொன்னேன். அதுலேருந்து பேயறஞ்ச மாதிரி இருக்கான். தீவுக்கே போறதில்ல. ரெண்டு பேரும் சண்டையா? எதுக்கும்மா பயம்? நீ எந்தச் சாதியா இருந்தாலும் எனக்குச் சம்மதம். சீனப் பொண்ணா இருந்தாலும் சம்மதம். தமிழு நல்லாத்தான் பேசுற. கல்யாணமாகி விட்டுட்டு வந்தவளா இருந்தாலும் நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

அதுதான் நடுவில் வந்து விழுந்த விஷயம். கண்ணன் நம்மிடமிருந்து ஓடவில்லை. அம்மா பின்தொடர்ந்து வந்து நம் கிளினிக் வாசலில் எழுதியிருப்பதைப் படித்துவிடுவார் என்று பயந்து, மருந்தையே விட்டிருக்கிறார்.

எதிரே டாக்டர் உட்கார்ந்திருந்தார். சீனர், இளவயது, தமிழ் தெரியாது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, போனை வை, வை என்று கையால் காட்டினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு வார்த்தை பிசகினால் அந்த மனிதனின் ரகசியம் போச்சு. ஆனால் வைத்தால் என்ன ஆகும்? சண்டை முற்றிவிட்டது என்று அந்த அம்மா மகனைப் போட்டுக் குடைவார், அவர் இன்னும் தூரமாக ஓடுவார். "ஆமாம் அத்தை, நான்தான் அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிடலாமா? சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு நுனி வரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த நாளே அவர் வந்து நின்றிருப்பார். கல்யாண மண்டபத்தைக்கூட விசாரித்து வைத்திருப்பார். அதைவிட, இவ்வளவு ஆசையோடு பேசுகிறவரை அப்படி ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

பொய்யும் சொல்லக்கூடாது, உண்மையையும் சொல்லக்கூடாது என்ற இடத்துக்கு இந்த வேலையில் நீங்களும் ஒருநாள் வருவீர்கள். அப்போது அவசரப்படாதீர்கள். உங்களுக்குச் சொந்தமான உண்மை எது, நோயாளிக்குச் சொந்தமான உண்மை எது என்று மட்டும் பாருங்கள். உங்களுடையதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

"அம்மா," என்றேன், "நான் அந்தப் பொண்ணு இல்லம்மா. எனக்குப் பேரன் இருக்கான்."

அவர் பக்கம் தொலைக்காட்சியில் யாரோ அழுதுகொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"பொண்ணே இல்லியா?"

"இல்லம்மா."

"அப்ப நீங்க யாரு?"

"அத நான் சொல்லக்கூடாதும்மா. கண்ணன்தான் சொல்லணும். தப்பான ஆளு இல்ல, அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அந்த அம்மா கட்டி வைத்திருந்த கல்யாணத்தை ஒரே நிமிடத்தில் நான் கலைத்துவிட்டேன். ஏசப்போகிறார், போனைத் தூக்கி அடிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"யாரா இருந்தாலும் சரிங்க. நீங்க கூப்புட ஆரம்பிச்ச பெறகுதான் எம்மவன் சோறு தின்னான். அதுக்கு முன்னாடி எலும்பும் தோலுமா கெடந்தான், தூக்கிப் போட வேண்டியதுதான்னு பசார்ல என் காதுபடவே பேசுனாங்க. இப்ப நீங்க கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்கிறான், மறுபடி சோத்த ஒதுக்குறான். அவன விட்டுறாதீங்க."

"விட மாட்டேம்மா," என்றேன். "நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க. புதன்கிழமை காத்துக்கிட்டு இருப்பேன்னு சொல்லுங்க."

போனை வைத்ததும் டாக்டர் யார் என்று கேட்டார். "ஜஸ்ட் மிஸ், டாக்டர். என் மாமியாரா ஆகியிருக்க வேண்டியவங்க," என்றேன். முழுக்கதையையும் சொன்ன பிறகு அவர் சிரிப்பதா தலையில் கை வைப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் இரண்டையும் செய்தார்.

புதன்கிழமை காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார் கதவைத் திறந்தாலும் தலை தானாகத் திரும்பியது. பத்து மணிக்கு மேல் கண்ணன் வந்தார்! சவரம் இல்லை, கசங்கிய சட்டை, கண்ணெல்லாம் சிவப்பு. வந்தாரே, அது போதும். எழுந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மிஸ்ஸி, எங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க?" என்றார். குரலில் கோபமா பயமா தெரியவில்லை. நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அந்த அம்மா பேசியதையும் சொன்னேன். சோறு தின்னான் என்ற இடம் வந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அம்மா வந்துருக்கு மிஸ்ஸி. விட மாட்டேன்னு பின்னாடி ஏறி ஒக்காந்துருச்சு. எதிர்ல கோப்பிக் கடையில இருக்கு. நீங்களே வந்து சொல்லிருங்க, என்னால முடியாது."

இப்போது கவனமாகக் கேளுங்கள். கூட ஓடிப்போய் அந்த அம்மாவைப் பார்க்க எனக்குக் கால் பரபரத்தது. ஆனால் அந்தப் பேச்சு எப்படி முடியும் என்று யாருக்குத் தெரியும்? நல்லபடியாகவே எல்லாம் முடியும் என்று நினைக்காதீர்கள். விஷயம் தெரிந்த மறுநாளே தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைத்த வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பெண்ணை எங்களால் கடைசிவரை தேற்றவே முடியவில்லை. கண்ணன் கோப்பிக் கடையிலிருந்து மனம் உடைந்து திரும்பிப் போனால், அதன் பிறகு எங்கள் கதவைத் தொடவே மாட்டார். அதனால் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"மொதல்ல ரத்தம் குடுங்க. டாக்டரப் பாருங்க. மருந்த கையில வாங்குங்க. அப்புறம் அம்மா."

"அம்மா காத்துக்கிட்டு இருக்கு மிஸ்ஸி."

"காத்திருக்கட்டும். ஒங்களப் பெத்தவங்க, ஒரு கிளாஸ் தே ஓ குடிக்கிற நேரம் காத்திருக்க மாட்டாங்களா?"

ரத்தம் எடுத்தாயிற்று, டாக்டர் பார்த்தாயிற்று. மருந்துப் பை அவர் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "நான் கூட வர்றேன். ஆனா சொல்ல வேண்டியது நீங்க. சொல்ல வேணாம்னு நெனச்சா அதுவும் ஒங்க இஷ்டம், நான் பேரன் கத சொல்லிட்டு வந்துருவேன்," என்றேன். அவர் பையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வாங்க மிஸ்ஸி," என்று முன்னால் நடந்தார்.

கோப்பிக் கடையில் ஒரு சின்ன உருவம், பூப்போட்ட சேலை, மடியில் குடை. மேசையில் ஒரு டின் முறுக்கு. யாரென்று தெரியாத எனக்காகச் சுட்டுக் கொண்டுவந்திருக்கிறார்! என் வெள்ளைச் சீருடையைப் பார்த்தார், மகன் கையில் இருந்த மருந்துப் பையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. கண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே, ஒரே மூச்சில், எச்.ஐ.வி. என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"செத்துருவியா?" என்றார் அம்மா.

"இல்லம்மா. மருந்து சாப்ட்டா ஒன்னும் ஆவாது. எல்லாரு மாதிரியும் இருக்கலாம்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "நெசமா மிஸ்ஸி?"

"நெசம்மா," என்றேன். எனக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. "சத்தியமா நெசம்! ஒரு தட்டுல சாப்பிடலாம், கட்டிப் புடிச்சுக்கலாம், ஒன்னும் ஒட்டாது. வேலைக்குப் போலாம். கெழவனாகிப் பென்ஷன் வாங்கலாம். ஒழுங்கா வந்து மருந்து வாங்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும், அவ்வளவுதான்."

"ஒழுங்கா வந்து வாங்கணும்," என்று அந்த அம்மா திருப்பிச் சொன்னார். யோசித்தார். மகனை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப ஏன்டா இத்தன நாளா வரல?"

கண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "ஒனக்குப் பயந்துதாம்மா."

எழுந்தார் பாருங்கள்! மடியில் இருந்த குடையை எடுத்து மகனின் தோளில் ஒரு போடு போட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கா பயந்த? ஒன்னப் பெத்தவளுக்கா பயந்து சாவப் பாத்த?" இன்னொரு போடு. மூன்றாவதற்குக் குடையை ஓங்கியவர் அதைக் கீழே போட்டுவிட்டு, மகனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவருடைய நெஞ்சில் முகத்தை வைத்து ஓவென்று அழுதார். கண்ணன் அழுதார். நானும் வெட்கமே இல்லாமல் அழுதேன். கோப்பிக் கடை முதலாளியான தவ்கே என்ன ஏதென்று கேட்காமல் காகிதக் கைக்குட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சந்தோஷத்தில் எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. முறுக்கு டின்னை மருந்து கொடுக்கிறவர், ரத்தம் எடுக்கிறவர், டாக்டர் எல்லாருக்கும் நீட்டினேன். யார் சுட்டது என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கிளினிக்கில் ஒரு மாற்றம் செய்தோம். வேஷம் கேட்டு வாங்கும்போது, அது மாதாமாதம் கூப்பிடத் தோதான வேஷமா என்று பார்ப்போம். கொஞ்ச நாள் கழித்து, இது இன்னும் சரிப்படுகிறதா என்றும் கேட்போம். வீட்டு நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும். நீங்களும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

அடுத்த முறை கண்ணனைக் கூப்பிட வேண்டிய நாள் வந்தது. பழக்க தோஷத்தில் "மோட்டார் இன்சூரன்ஸ்" என்று ஆரம்பித்தேன். எடுத்தது அம்மா.

"மிஸ்ஸியா? இன்சூரன்சாவது கத்திரிக்காயாவது! புதன்கெழமதானே? காலண்டர்ல வட்டம் போட்டு வச்சுருக்கேன். அவன் வராட்டி நான் காதப் புடிச்சு இழுத்துட்டு வர்றேன். நேத்து ரெண்டு தட்டு சோறு தின்னான் மிஸ்ஸி!"

நல்லதும்மா என்று சொல்லி வைக்கப் போனேன்.

"இருங்க, வச்சுறாதீங்க. கிருமி அடங்கி இருந்தா கட்டிக்கலாம், புள்ள குட்டியும் பெத்துக்கலாம்னு டாக்டர் சொன்னாராமே. நெசந்தானே?"

"நெசந்தாம்மா."

"அப்ப ஒங்க பக்கம் நல்ல பொண்ணு யாராச்சும் இருந்தா சொல்லுங்க. விசயத்த மறைக்க மாட்டேன். உள்ளதச் சொல்லித்தான் கட்டி வைப்பேன்."